வயலும் வேண்டும், வீடும் வேண்டும்!

சேலத்திலிருந்து திருச்செங்கோடு செல்லும் பஸ்ஸில் ஆட்டையாம்பட்டிப் பக்கம் வருகிறவர்கள் இருபுறமும் ஒரு காட்சியைக் காணலாம். மரவள்ளியும் சோளமும் நின்ற காட்டில் வரிசை வரிசையாக வெள்ளைக் கற்கள் நட்டிருக்கும். நுழைவாயிலில் வண்ணம் பூசிய ஒரு வளைவு. அதன்மேல் ஏதேனும் ஒரு 'நகர்' என்ற பெயர்.

இதைப் பார்த்து ஒருவர் பெருமூச்சு விடுவார்: 'விளைகிற நிலமெல்லாம் போய்விட்டது, இனி கிணற்றில் தண்ணீர் எங்கே ஊறும்?' பக்கத்திலிருப்பவர் கேட்பார்: 'சரி ஐயா, தறி ஓட்டுகிறவனும் முறுக்குச் சுற்றுகிறவளும் எங்கே குடியிருப்பது? எத்தனை காலம் வாடகை வீட்டில்?'

இருவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் நிலம் ஒன்றுதானே! அது வயலாக இருக்க வேண்டும் அல்லது வீடாக ஆக வேண்டும் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். இரண்டுக்கும் இடம் உண்டா? இருந்தால் அதை யார் காப்பது? முதல் கேள்விக்கு விடை இயற்பியலிலும் கணக்கிலும் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு விடையாக 'நில அறக்கட்டளை' என்ற ஏற்பாடு உலகின் சில ஊர்களில் நடைமுறையில் இருக்கிறது. இரண்டையும் வரிசையாகக் காண்போம்.

ஐந்து சென்டிமீட்டர் மழை

ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு நாள் 5 செ.மீ. மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். அதன்மேல் 5 செ.மீ. உயரத்துக்கு நிற்கும் நீரின் அளவு சுமார் 200 கன மீட்டர், அதாவது 2 லட்சம் லிட்டர்.

இந்த நீர் எங்கே போகிறது? ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கும். ஒரு பகுதி சரிவு நோக்கி ஓடும். ஓடிவிடும் பங்கை 'ஓடுநீர்க் கெழு' என்ற எண்ணால் பொறியியலார் குறிப்பர். வரப்பு போட்டு உழுத நிலத்துக்கு இந்த எண் கால் அளவில் இருக்கும். தார்ச் சாலையும் சிமெண்டு முற்றமும் மாடியுமாக நிறைந்த குடியிருப்புக்கு அது மூன்றில் இரண்டு அளவுக்கு உயர்ந்துவிடும். அதாவது வயலாக இருந்தபோது 50,000 லிட்டர் ஓடிய அதே ஏக்கரிலிருந்து இப்போது 1,30,000 லிட்டருக்கு மேல் ஓடுகிறது. அதுவும் மெதுவாக அன்று. சிமெண்டுத் தரையில் தடையின்றி, ஒரே நேரத்தில். நேற்று வரை வெள்ளம் காணாத தெருவில் இன்று முழங்கால் நீர் நிற்பதன் காரணம் இதுவே.

இனிக் கிணற்றைக் கவனிப்போம். நம் வட்டாரத்தின் அடித்தளம் கடினமான பாறை. அதற்கு மேலே சிதைந்த பாறையும் மண்ணும் கலந்த ஓர் அடுக்கு இருக்கிறது. கிணற்று நீர் பெரும்பாலும் இந்த அடுக்கில்தான் தங்குகிறது. பஞ்சு போல இதில் நிறைய நீர் தங்கும் என்று எண்ண வேண்டாம். நூறு கன மீட்டர் அடுக்கிலிருந்து கிணற்றுக்கு வடிந்து வரக்கூடிய நீர் ஏறத்தாழ இரண்டு கன மீட்டர்தான்.

இந்தச் சிறிய எண்ணில் ஒரு வியப்பு மறைந்திருக்கிறது. இரண்டு மில்லிமீட்டர் உயர நீர் அடுக்குக்குள் இறங்கினால் நிலத்தடி நீர்மட்டம் 100 மில்லிமீட்டர் உயரும்! ஆண்டுக்கு 900 மி.மீ. மழை பெய்து, அதில் நூற்றுக்கு 8 பங்கு மட்டும் ஆழத்துக்குப் போய்ச் சேர்கிறது என்று கொள்வோம். அது 72 மி.மீ. இதனால் நீர்மட்டம் 3.6 மீட்டர், அதாவது ஏறக்குறைய 12 அடி உயர வேண்டும். எனவே மழைநீர் இறங்கும் பரப்பைப் பாதியாகக் குறைத்தால் ஆறு அடியை இழக்கிறோம். நம் கிணறுகள் ஒரு மழைக்கு மளமளவென்று ஏறுவதும், சில வாரம் இறைத்தால் தரை தட்டுவதும் இந்த இரண்டு சதவீதத்தால்தான்.

ஏரியும் தொடர் இணைப்பும்

மழைநீர் இறங்கும் பரப்பு எங்கே இருந்தாலும் ஒன்றுதானா? இல்லை. எவ்வளவு நிலம் என்பதைவிட எந்த நிலம் என்பது முக்கியமானது.

பள்ளியில் மின்சுற்று பற்றிப் படித்திருப்பீர்கள். விளக்குகளைப் பக்க இணைப்பில் மாட்டினால் ஒன்று போனாலும் மற்றவை எரியும். தொடர் இணைப்பில் மாட்டினால் கம்பி ஓரிடத்தில் அறுந்தாலும் எல்லாம் அணைந்துவிடும். தமிழ்நாட்டின் ஏரிகள் தொடர் இணைப்பைச் சேர்ந்தவை. ஓடையிலிருந்து வரத்து வாய்க்கால், அதிலிருந்து ஏரி, ஏரி நிரம்பினால் மறுகால், அங்கிருந்து அடுத்த ஏரி என்று நீர் இறங்கிக்கொண்டே போகும். சேர்வராயன் மலையில் தோன்றிச் சேலம் நகரைக் கடந்து, நம் வட்டாரத்தின் வழியே நாமக்கல் மாவட்டத்துக்குள் சென்று காவிரியில் கலக்கும் திருமணிமுத்தாற்றின் படுகையிலும் இவ்வாறான ஏரிகள் பல உண்டு.

இத்தகைய சங்கிலியில் வாய்க்காலின் நடுவே நான்கு மனைகள் விழுந்தால் இழப்பு நான்கு மனை அளவன்று. அதற்குக் கீழேயுள்ள ஏரி முழுவதும் இழப்பு. ஏரி கண்ணுக்குத் தெரிவதால் அதைக் காக்க ஆள் வருவார்கள். கோடையில் வறண்டு, முள் மண்டிக் கிடக்கும் இரண்டு மீட்டர் அகல வாய்க்காலுக்காகப் பரிந்து பேச யாரும் இருப்பதில்லை. ஏரிகளின் ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாட்டில் 2007-ல் ஒரு சட்டமே இயற்றப்பட்டது. ஆனால் வீடு கட்டிக் குடியேறியவர்களைப் பின்னர் அகற்றுவதைவிட, அங்கே மனை விழாமல் முன்பே பார்த்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.

மக்கள் ஒன்றுகூடினால் ஏரியை மீட்கலாம் என்பதற்குச் சேலத்திலேயே சான்று உண்டு. கன்னங்குறிச்சி மூக்கனேரி குப்பையும் கழிவுமாகக் கிடந்தது. 2010-ல் சேலம் மக்கள் குழுவினர் அதைத் தூர் வாரினர். வாரிய மண்ணை வெளியே ஏற்றிச் செல்லாமல் ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரம் நட்டனர். இன்று அத்திட்டுகளில் பறவைகள் தங்குகின்றன. நிலம் அரசுடையது, பராமரிப்பு மக்களுடையது என்ற ஏற்பாடு இது. உடைமையையும் பொறுப்பையும் பிரிக்க முடியும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

கண்ணுக்குத் தெரியாத குளிர்சாதனம்

வயல் செய்யும் இன்னொரு வேலையைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு கிலோகிராம் நீர் நம் ஊர் வெப்பநிலையில் ஆவியாக வேண்டுமானால் சுமார் 24 லட்சம் ஜூல் வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். நீர் பாய்ந்த பயிர் ஒரு நாளில் 5 மி.மீ. நீரை ஆவியாக்குகிறது என்று கொண்டால், ஒரு ஏக்கரிலிருந்து 20,000 கிலோகிராம் நீர் வானுக்குப் போகிறது. அது எடுத்துச் செல்லும் வெப்பம் சுமார் 13,500 யூனிட் மின்சாரத்துக்குச் சமம்.

ஒரு டன் குளிர்சாதனப் பெட்டி ஒன்று இடைவிடாமல் ஒரு நாள் ஓடினால் அறையிலிருந்து வெளியேற்றும் வெப்பம் 84 யூனிட் அளவு. ஆகவே ஈரமான ஒரு ஏக்கர் வயல் இரவு பகலாக ஓடும் 160 குளிர்சாதனப் பெட்டிகளின் வேலையைச் செய்கிறது! மின்கட்டணம் இல்லை, பெட்டியைப் போல வெப்பத்தைத் தெருவில் கொட்டுவதும் இல்லை. வயலைச் சிமெண்டாக மாற்றும்போது இந்த வேலை நின்றுபோகிறது. தகரக் கூரையின் கீழ் தறி ஓட்டுகிறவர்களுக்கு ஏப்ரல், மே மாதங்களில் இதன் பொருள் நன்றாகத் தெரியும்.

பத்து ஏக்கர் கணக்கு

இனி மற்றவர் கட்சிக்கு வருவோம். வீடு வேண்டும் என்பது ஆடம்பரமன்று. எனவே பத்து ஏக்கர் நிலம் ஒன்றை எடுத்துக்கொண்டு தாளும் பென்சிலுமாக உட்காருவோம்.

பத்து ஏக்கர் என்பது 4,35,600 சதுர அடி. அதில் நூற்றுக்கு 30 பங்கு சாலைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 3,04,920. மனைப்பிரிவு விதிகளின்படி, இந்த அளவுள்ள மனைப்பிரிவில் சாலை நீங்கிய பரப்பில் பத்தில் ஒரு பங்கைப் பூங்கா போன்ற பொது இடமாக உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். அது போக மீதி 2,74,428 சதுர அடி. எளிமைக்காக எல்லா மனையும் 1,200 சதுர அடி என்று கொண்டால் 228 மனைகள் கிடைக்கும். நிலம் முழுவதும் தீர்ந்தது. பச்சையாக எஞ்சியது முக்கால் ஏக்கருக்கும் குறைவான பூங்கா ஒன்றுதான்.

இப்போது வேறு விதமாகப் போடுவோம். 600 சதுர அடி மனையில் கீழும் மேலுமாக இரண்டு தளம் கொண்ட வரிசை வீடு. 228 வீட்டுக்கு வேண்டியது 1,36,800 சதுர அடி. முன்போலவே நூற்றுக்கு 30 பங்கு சாலையைச் சேர்த்தால், எல்லாம் நாலரை ஏக்கரில் அடங்கிவிடுகிறது. அதே 228 குடும்பம். மிச்சம் ஐந்தரை ஏக்கர்!

இந்த ஐந்தரை ஏக்கரை எங்கே விடுவது? ஓடையை ஒட்டிய தாழ்ந்த பகுதியில் விட வேண்டும். வீடுகள் கல்லும் சரளையுமான மேட்டில் ஏறட்டும். அப்போது வாய்க்கால் அறுபடாது, பயிரும் நிற்கும்.

நாலரை ஏக்கரில் வீடு கட்டியதால் இறங்காமல் போகும் மழைநீர், முன் சொன்ன கணக்குப்படி, ஆண்டுக்குச் சுமார் 13 லட்சம் லிட்டர். இதை ஈடு செய்ய முடியுமா? 500 சதுர அடி மாடியில் ஆண்டு முழுவதும் விழும் மழையில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தால் 33,000 லிட்டருக்கு மேல் கிடைக்கும். பெருமழையின்போது கசிவுக்குழி அத்தனையையும் விழுங்காது; எனவே பாதிதான் இறங்கும் என்று கொள்வோம். அப்படியும் 228 வீட்டிலிருந்து சுமார் 38 லட்சம் லிட்டர் மண்ணுக்குள் போகிறது. இழந்ததைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு! தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடந்தோறும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். அதைக் குழாய் மாட்டிய பெயரளவில் விடாமல் உண்மையாகவே செய்தால் வீடு கிணற்றுக்குப் பகையன்று.

ஆனால் மறுபக்கமும் சொல்ல வேண்டும். வீட்டுக்கு ஐந்து பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் என்றால் அந்த 228 குடும்பம் ஆண்டில் செலவிடுவது 4 கோடி லிட்டருக்கு மேல். கசிவுக்குழியின் 38 லட்சம் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே குழாய் நீரும், கழிவுநீரைச் சுத்தம் செய்து அந்த ஐந்தரை ஏக்கருக்குப் பாய்ச்சும் ஏற்பாடும் கூடவே வேண்டும்.

இன்னொரு சங்கடம். ஆட்டையாம்பட்டியில் வீடு என்பது தூங்கும் இடம் மட்டுமன்று, தொழிற்கூடமும் அதுவே. குழித்தறிக்குத் தரைத்தளம் வேண்டும். விசைத்தறியைப் பொதுச் சுவருள்ள வரிசை வீட்டில் வைத்தால் அதிர்வு செங்கல் வழியே அடுத்த வீட்டுத் தொட்டில் வரை போகும். காற்றைவிடத் திடப்பொருளில் ஒலி விரைந்தும் நன்றாகவும் செல்லும் என்பதை நீங்கள் அறிவீர்கள். முறுக்கு சுடுகிற வீட்டுக்கு அடுப்புக்கும் புகைக்கும் பின்கட்டு வேண்டும். எனவே சாலையோரம் பொதுத் தறிக்கூடமும் பொது அடுப்பங்கூடமும் தனியே அமைக்க வேண்டியிருக்கும். நகரத்து வரைபடம் ஒன்றை அப்படியே கொண்டுவந்து இங்கே ஒட்ட முடியாது.

மீதி ஐந்தரை ஏக்கர் யாருடையது?

கணக்கு சரியாக வருகிறது. பின் ஏன் இப்படி நடப்பதில்லை? விடை ஒரே சொல்: விலை.

இரண்டு விதத்திலும் வாங்கியது பத்து ஏக்கர். 228 குடும்பம் அதன் விலையைப் பகிர்ந்துகொள்கிறது. முதல் விதத்தில் ஆளுக்கு 1,200 சதுர அடி கிடைத்தது; இரண்டாவது விதத்தில் அதே பணத்துக்கு 600தான். மீதி எல்லோருக்கும் பொதுவான வயல். 'இந்த ஐந்தரை ஏக்கரையும் மனை போட்டு விற்றால் என்ன?' என்று ஐந்தாவது ஆண்டில் ஒருவர் கேட்பார். பத்தாவது ஆண்டில் பலர் கேட்பார்கள். நல்லவர்கள் கூடிக் காப்பாற்றிய நிலம் அவர்கள் காலத்துக்குப் பின் விலைபோவது உலகெங்கும் கண்ட அனுபவம்.

இங்கேதான் நில அறக்கட்டளை வருகிறது. அதைப் புரிந்துகொள்ள நம் பத்திரங்களையே பாருங்கள். 'கிணற்றில் மூன்றில் ஒரு பாகம் பாத்தியம்', 'வண்டித்தடப் பாத்தியம்', 'வாய்க்காலில் முறை நீர் பாத்தியம்' என்றெல்லாம் எழுதியிருக்கும். நிலம் ஒருவருடையது, அதன்வழி நடக்கும் உரிமை மற்றொருவருடையது. அந்தக் காலத்தில் மேல்வாரம், குடிவாரம் என்று விளைச்சலின் உரிமையே இரண்டாகப் பிரிந்து நின்றது. அதாவது நிலவுடைமை என்பது பிளக்க முடியாத ஒற்றைப் பொருளன்று. பல உரிமைகள் சேர்ந்த ஒரு கட்டு. கட்டை அவிழ்த்துச் சிலவற்றை ஒருவரிடமும் மற்றவற்றை வேறொருவரிடமும் கொடுக்கலாம்.

நில அறக்கட்டளை இக்கட்டை இரண்டு விதமாக அவிழ்க்கிறது. வயலைப் பொறுத்தவரை, உழுது விளைவிக்கும் உரிமை விவசாயியிடமே இருக்கும். அதில் கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் அறக்கட்டளை விலை கொடுத்து வாங்கி, யாருக்கும் விற்காமல் பூட்டி வைத்துவிடும். வீட்டைப் பொறுத்தவரை, அடிநிலம் அறக்கட்டளையுடையது. மேலேயுள்ள வீடு குடும்பத்தினுடையது. நிலத்தை 99 ஆண்டு போன்ற நீண்ட குத்தகைக்குச் சிறு வாடகையில் குடும்பம் பெற்றுக்கொள்ளும். பிள்ளைகளுக்கும் அது போகும்.

பூதானத்திலிருந்து புறப்பட்ட எண்ணம்

இது அயல்நாட்டுச் சரக்கு என்று எண்ணிவிட வேண்டாம். இதன் ஒரு வேர் நம் நாட்டில் இருக்கிறது. 1951 ஏப்ரல் 18-ஆம் நாள் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில், நிலமற்ற ஹரிஜனக் குடும்பங்கள் 80 ஏக்கர் கேட்டபோது ஒருவர் 100 ஏக்கர் தர முன்வந்தார். வினோபா பாவேயின் பூதான இயக்கம் அன்று தொடங்கியது. நாடு முழுவதும் 40 லட்சம் ஏக்கருக்கு மேல் தானமாக அறிவிக்கப்பட்டது. அதில் பாறையும் தரிசும் வழக்கில் சிக்கியதும் நிறைய. பகிர்ந்தளித்த நிலமும் சில இடங்களில் கைமாறிப் போயிற்று. இந்தக் குறை தெரிந்தபின் வலுப்பெற்றதுதான் கிராமதானம்: நிலத்தின் உடைமை கிராம சபைக்கு; உழும் உரிமை குடும்பத்துக்கு; வெளியாருக்கு விற்க முடியாது. வினோபா 1956, 57-ஆம் ஆண்டுகளில் தமிழகத்தில் நடந்தார். 1958-ல் இங்கே பூதானத்துக்கென ஒரு சட்டமும் வந்தது.

இந்தக் கிராமதானத்தைக் கவனித்தவர்களுள் ஒருவர் ராபர்ட் ஸ்வான் என்ற அமெரிக்கர். அங்கே ஜார்ஜியா மாநிலத்தில், வாக்குரிமை கேட்ட கறுப்பின விவசாயிகள் குத்தகை நிலத்திலிருந்து விரட்டப்பட்டுக்கொண்டிருந்த காலம். ஸ்வானும் கறுப்பினத் தலைவர்களான ஸ்லேட்டர் கிங், சார்லஸ் ஷெராட் ஆகியோரும் சேர்ந்து 1969-ல் 'நியூ கம்யூனிட்டீஸ்' என்ற அமைப்பை நிறுவினர். சுமார் 5,700 ஏக்கர் நிலம் அதனிடம் இருந்தது. வறட்சியும் கடன் மறுப்பும் சேர்ந்து 1985-ல் அந்த நிலம் பறிபோயிற்று. ஆனால் எண்ணம் மடியவில்லை.

1984-ல் வெர்மாண்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகரில் ஒரு நில அறக்கட்டளை தோன்றியது. இப்போது அதன் பெயர் சாம்ப்ளைன் வீட்டு அறக்கட்டளை. அறுநூறுக்கு மேற்பட்ட சொந்த வீடுகளும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வாடகை வீடுகளும் அதன் பொறுப்பில் உள்ளன. நமக்கு முக்கியமானது 1987-ல் அம்மாநிலம் செய்த காரியம். விவசாய நிலத்தைக் காக்க விரும்பியவர்களும் ஏழைகளுக்கு வீடு கேட்டவர்களும் அதுவரை எதிரெதிரே நின்றனர். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பொது நிதி ஒன்றைக் கேட்டனர். மாநிலம் 'வீட்டு வசதி மற்றும் நிலப் பாதுகாப்பு வாரியம்' என்ற ஒரே வாரியத்தை அமைத்தது. நிலம், வீடு கைமாறும்போது வசூலாகும் வரியில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. அப்பணத்தால் பண்ணைகளின் கட்டட உரிமையும் வாங்கப்படுகிறது. எளியோருக்கு வீடும் கட்டப்படுகிறது.

விற்கும்போது என்ன கிடைக்கும்?

சாம்ப்ளைன் முறையை ரூபாயில் சொல்லிப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே. மனை 10 லட்சம், வீடு 8 லட்சம் என்றால், குடும்பம் வீட்டுக்குரிய 8 லட்சம் மட்டும் கொடுத்தால் போதும். சில ஆண்டு கழித்து அவர்கள் ஊரை விட்டுப் போகிறார்கள். வீட்டின் மதிப்பு 12 லட்சமாக உயர்ந்துவிட்டது. உயர்வு 4 லட்சம். அதில் கால் பங்கு, அதாவது 1 லட்சம், அவர்களுக்கு. எனவே போட்ட 8 லட்சத்தோடு 1 லட்சம் சேர்த்து 9 லட்சமும், அவர்கள் செய்த மேம்பாட்டுச் செலவும் கிடைக்கும். அடுத்த குடும்பம் 12 லட்சம் தர வேண்டாம். ஏறக்குறைய அந்த 9 லட்சத்துக்கே வாங்கும்.

இதில் ஒரு தியாகம் இருக்கிறது; அதை மறைக்கக் கூடாது. நம் ஊரில் மனை என்பது மகளின் கல்யாணத்துக்கும் மகனின் படிப்புக்கும் வைத்திருக்கும் சேமிப்பு. விலை ஏறினால் லாபம் முழுவதும் தமக்கு என்று நம்பித்தான் மக்கள் கடன் வாங்கி மனை வாங்குகிறார்கள். அறக்கட்டளை வீடு அந்த லாபத்தைக் குறைக்கிறது. மாறாக, மனை வாங்கவே இயலாத குடும்பத்துக்கு இன்றே கூரை தருகிறது. மனை வாங்கும் வசதி உள்ளவருக்கு இது உகந்ததன்று. வாடகையிலேயே காலம் தள்ளுகிறவருக்கு இது ஒரு படி மேல். இரண்டையும் சீர்தூக்கித்தான் முடிவு செய்ய வேண்டும்.

நம் நாட்டில் நடக்குமா?

தமிழ்நாட்டிலேயே இதற்கு நெருங்கிய முயற்சி உண்டு. 1968-ல் கீழ்வெண்மணியில் நடந்த கொடுமைக்குப் பின் சர்வோதயத் தொண்டர்களான ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் கீழ்த்தஞ்சைக்குச் சென்று தங்கினர். 1981-ல் 'லாப்டி' என்னும் உழுபவர் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினர். நிலச்சுவான்தார்களிடம் பேசி விலைக்கு நிலம் பெற்று, நிலமற்ற குடும்பங்களின் பெண்கள் பெயரில் பதிவு செய்தனர். குடிசைகளுக்குப் பதிலாக வீடுகளும் கட்டினர். கடலோரத்தில் இறால் பண்ணைகள் வயலையும் குடிநீரையும் உப்பாக்கியபோது ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பரில் தீர்ப்புப் பெற்றார். நிலம், வீடு, சூழல் மூன்றும் ஒரே கையில் சேர்ந்த வரலாறு இது. ஆனால் இங்கே பட்டா குடும்பத்துக்கே போயிற்று. அடிநிலத்தைப் பொதுவில் நிறுத்தும் முறை அதில் இல்லை.

அம்முறையை இங்கே கொண்டுவருவதில் மூன்று தடைகள் தெரிகின்றன. முதலாவது, கடன். அடிநிலம் தன்னுடையதல்லாத வீட்டுக்கு வங்கி கடன் தர யோசிக்கும். இதற்கு ஒடிசா ஒரு வழி காட்டியது. 2017-ல் அங்கே குடிசைவாசிகளுக்கு அளித்த நில உரிமை வாரிசுகளுக்குப் போகும், அடகு வைக்கலாம், ஆனால் விற்க முடியாது. விற்க முடியாத உரிமையையும் கடனுக்கு ஈடாகக் காட்டச் சட்டம் இடம் தரலாம் என்பதற்கு இது சான்று.

இரண்டாவது, பணம். கட்டட உரிமையின் விலை என்பது மனை விலைக்கும் விளைநில விலைக்கும் உள்ள வித்தியாசம். சாலையோர நிலத்துக்கு அது பெருந்தொகை. நன்கொடையால் மட்டும் இது ஆகாது. பத்திரப் பதிவின்போது வசூலாகும் வரியில் உள்ளாட்சிகளுக்கு ஏற்கெனவே ஒரு பங்கு உண்டு. அதில் சிறு பகுதியை வாய்க்காலோர நிலத்துக்கென ஒதுக்கலாம் என்பது என் கருத்து. பெரிய மனைப்பிரிவுகளில் பொது இடத்துக்குப் பத்தில் ஒரு பங்கும், 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் எளியோர் மனைக்கு மற்றொரு பத்தில் ஒரு பங்கும் ஒதுக்க விதிகள் இப்போதே சொல்கின்றன. நிலமும் வீடும் ஒன்றாகவே சிந்திக்கப்பட வேண்டும் என்பதை விதி ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் ஒவ்வொரு மனைப்பிரிவிலும் தனித்தனித் துண்டாக ஒதுங்கும் அந்த இடங்களை வாய்க்கால் ஓரமாக ஒரே தொடராகச் சேர்க்க ஆள் இல்லை.

மூன்றாவது, நம்பிக்கை. அறக்கட்டளை என்றாலே 'யார் தலைவர், யார் பையில் போகிறது?' என்று மக்கள் கேட்பார்கள், கேட்க வேண்டியதுதான். பர்லிங்டன் போன்ற இடங்களில் நிர்வாகக் குழுவை மூன்றாகப் பிரித்துவிட்டார்கள்: ஒரு பங்கு அறக்கட்டளை வீடுகளில் குடியிருப்போர், ஒரு பங்கு சுற்றுவட்டார மக்கள், ஒரு பங்கு பொது நலன் சார்ந்தோர். ஒரு பங்கினர் மட்டும் சேர்ந்து நிலத்தை விற்றுவிட முடியாது. முக்காலி மேடு பள்ளத்திலும் ஆடாமல் நிற்பதைப் போன்ற ஏற்பாடு.

அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்ததும், பின் 2017-ல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். சாலையும் வடிகாலும் இல்லாத மனைக்குத் தம் சேமிப்பைக் கொடுத்துவிட்டு அல்லாடியவர்கள் பெரும்பாலும் எளிய குடும்பங்களே. திட்டமின்மையால் வயல் மட்டும் தோற்கவில்லை, வீடும் தோற்றது என்பதே அதன் பாடம்.

நீங்களே செய்து பாருங்கள்

மாணவர்களுக்கு ஒரு சோதனை. சுமார் 15 செ.மீ. விட்டமுள்ள தகர டின் ஒன்றின் இரு பக்கமும் வெட்டி எடுத்துக் குழாய் போல ஆக்குங்கள். விளிம்பு கையைக் கிழிக்காமல் தட்டி மடக்கிக்கொள்ளுங்கள். உழுத நிலத்தில் ஐந்து செ.மீ. ஆழம் அழுத்தி, ஒரு லிட்டர் நீர் ஊற்றுங்கள். நீர் முழுவதும் இறங்க எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தில் பாருங்கள். அந்த ஒரு லிட்டர், டின்னுக்குள் ஏறக்குறைய ஐந்தரை செ.மீ. மழைக்குச் சமம். இதையே ஒற்றையடிப் பாதையிலும், கல் நட்ட மனையிலும், ஏரிக்கரையின் அடியிலும், மரத்தடியிலும் செய்யுங்கள். விடைகளை உங்கள் ஊர் வரைபடத்தில் வண்ணமிட்டுக் குறியுங்கள். பெருமழை நாளில் நீர் எந்த வழியே ஓடியது என்று பெரியவர்களைக் கேட்டு அதையும் கோடாக வரையுங்கள்.

பத்துப் பேர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உழைத்தால் இந்த வரைபடம் தயாராகிவிடும். எந்த நிலத்தில் வீடு வரலாம், எந்த நிலத்தில் வரவே கூடாது என்பதை அது சொல்லும். எந்த நில அறக்கட்டளைக்கும் முதல் வேலை இதுவே. பணமும் சட்டமும் அதன் பிறகு. அதைப் பேரூராட்சியில் ஒரு பிரதியாகக் கொடுத்து வையுங்கள். அடுத்த மனைப்பிரிவு அனுமதிக்கு வரும்போது வாய்க்கால் எங்கே என்று கேட்பவர்களுக்குக் காட்ட ஒரு தாளாவது இருக்கும்.